இன்ஜினியரம்மா நஜ்லாவும் நீஷ் இல்லாத வீடும்

எங்கள் மன்சூராவில் இன்ஜினியர் ஆவதற்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நின்றால் போதும். டாக்ஸிக்காரர் வண்டியை நிறுத்தி, "எங்க போகணும் இன்ஜினியர் சார்?" என்பார். அவரைக் கடைக்காரர் இன்ஜினியர் என்பார், கடைக்காரரை மெக்கானிக், மெக்கானிக்கை அவருடைய மாமனார். இந்தப் பட்டமளிப்பு விழா காலையிலிருந்து இரவு வரை இடைவிடாமல் நடக்கிறது. யாரும் யாரிடமும் சான்றிதழ் கேட்பதில்லை. கேட்டால் சண்டை வரும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவரிடம் சான்றிதழ் கேட்கப்பட்டது என்றால் அது பதிவு செய்யப்பட வேண்டிய செய்தி. கேட்கப்பட்டவர் நஜ்லா ஷப்ராவி. கேட்டவர் ஹாஜ் பஸ்யூனி, நைல் கரைச் சாலையில் மூன்று மாடியில் மரச்சாமான் கடை வைத்திருப்பவர்.

நஜ்லாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீடுகளை உள்ளிருந்து சரிசெய்யும் ஆசை. அதற்கான கல்லூரியில் சேரத்தான் நினைத்தார். ஆனால் எங்கள் நாட்டில் என்ன படிப்பது என்பதைப் படிப்பவர் முடிவு செய்வதில்லை. பள்ளி இறுதி மதிப்பெண்களை வாங்கிக்கொண்டு அரசாங்கத்தின் கணினி முடிவு செய்யும். அந்தக் கணினிக்கு நஜ்லாவைப் பார்த்ததும் வணிகவியல் என்று தோன்றியது. மன்சூராவில் பாதிப் பேரைப் பார்த்தால் அதற்கு அப்படித்தான் தோன்றுகிறது. வணிகவியல் படித்து, ஓர் அரசு அலுவலகத்தில் மேசை கிடைத்து உட்கார்ந்தார். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே இன்னும் என் உறவினர்கள் வேலை பார்க்கிறார்கள்.

அவருடைய முதல் வடிவமைப்புப் பணி அந்த அலுவலகத்தில்தான் நடந்தது. ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்த இரும்பு அலமாரியை நகர்த்தி, மேசைகளை வட்டமாகப் போட்டார். அறை முழுக்க வெளிச்சம் வந்தது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது. அதுவரை நண்பர்களாக இருந்தவர்கள் அந்த வாரமே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். யார் எப்போது தூங்குகிறார் என்பது இயக்குநருக்கும் தெரிந்துபோனது. அலமாரி பழைய இடத்துக்குத் திரும்பியது. வீட்டுக்குள் சாமான் வைப்பது என்பது மனிதர்களை வைப்பதுதான் என்று நஜ்லா அப்போதே கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கற்றுக்கொள்ளவில்லை.

மகன் பிறந்ததும் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார். இது எங்கள் அரசாங்கத்தின் அருமையான ஏற்பாடு. வேலையை விடாமலே வேலைக்குப் போகாமல் இருக்கலாம். அந்த வருடங்களில் கைப்பேசியில் காணொளி பார்த்து வரையக் கற்றார். கணவர் ரிஃபாத் வேதியியல் வாத்தியார். மாலையில் வீட்டிலேயே தனி வகுப்பு எடுப்பார். அவருடைய கணினியில் நஜ்லா அறைகளை நிற்க வைத்துப் பார்க்கும் மென்பொருளை ஏற்றினார். முதலில் சொந்த வீட்டை மாற்றினார். பிறகு மேல்வீட்டுச் சமையலறை, எதிர்வீட்டுக் குழந்தைகள் அறை. எல்லாரும் "கை ராசி இன்ஜினியரம்மா" என்றார்கள். கூலியாக ஃபத்தீர் ரொட்டியும் வாத்தும் வந்தன. சில சமயம் வாத்து உயிரோடு வந்தது.

ரமலான் முடிந்த கையோடு அலுவலக இயக்குநர் போனில் கூப்பிட்டார். விடுப்பு இனி நீளாது. மாதக் கடைசிக்குள் வந்து மேசையில் உட்காரவேண்டும், இல்லையென்றால் ராஜினாமா எழுதிக் கொடுக்கவேண்டும்.

"ராஜினாமாவா?" என்றார் ரிஃபாத். அவர் குரல் எழும்பியதில் வகுப்புக்கு வந்திருந்த பையன்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். "கவர்மென்ட் மேசைம்மா அது. அதுல உக்காந்தவங்க யாராச்சும் பட்டினி கெடந்து பாத்திருக்கியா?"

"உக்காந்தவங்க யாராச்சும் வேற எதாச்சும் செஞ்சும் பாத்ததில்ல."

"சரி, ஒரே பேச்சு. எவனாவது ஒரு மொதலாளி உன்னை டிசைனர்னு கூப்பிட்டு நாற்காலி போட்டுக் குடுக்கட்டும். அன்னிக்கே நானே உன் ராஜினாமாவ எழுதித் தரேன். இல்லன்னா மரியாதையா போய் உக்காரு. வாத்தை வச்சுக்கிட்டு பென்ஷன் வாங்க முடியாது."

நியாயமான பேச்சு. நஜ்லா மறுநாளே ஹாஜ் பஸ்யூனியின் கடைக்குப் போனார். கடையின் டிசைனர் தாமிர் குவைத்துக்குப் போகப்போவதாகக் கேள்விப்பட்டிருந்தார். தாமிர் முறையாகப் படித்தவர், கெய்ரோவில் ஐந்து வருடம். அவர் மூலையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்க, ஹாஜ் பட்டுத் துணி போர்த்திய நாற்காலியில் சாய்ந்து நஜ்லாவின் படங்களைப் புரட்டினார்.

"நல்லா இருக்கு. எந்தக் காலேஜ்?"

"வணிகவியல், ஹாஜ்."

"அது பாங்க்காரன் படிக்கிறதாச்சேம்மா. சோபாவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? சான்றிதழ் ஏதாச்சும் இருக்கா?"

"ஹாஜ் எதுவரை படிச்சீங்க?"

தாமிரின் பென்சில் நின்றது. ஹாஜ் கோபிக்கவில்லை. தன் வெற்றியைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தால் அவர் கோபிப்பதில்லை.

"மூணாங்கிளாஸ். ஆனா நான் மொதலாளி. மொதலாளிக்குப் படிப்பு வேணாம், அவன்கிட்ட வேல பாக்கிறவனுக்குத்தான் வேணும். வர்ற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க 'உங்க இன்ஜினியர் எங்க படிச்சாரு'ன்னு கேட்டா நான் எதைக் காட்டுறது? உன் வாத்தையா?"

வாத்து விஷயம் அவர்வரை போயிருந்தது. ஊர் அவ்வளவு சின்னது.

கொஞ்ச நேரம் மீசையைத் தடவிவிட்டு ஹாஜ் ஒரு வழி சொன்னார். அவருடைய கடைசி மகள் ரீஹாமுக்குக் கல்யாணம். புது வீடு ஐந்தாவது மாடியில் வெறுஞ்சுவராக நிற்கிறது. அதை நஜ்லா முடித்துக் கொடுக்கட்டும். "நான் மேல ஏறிப் பாக்க மாட்டேன். ஃபர்ஷ் அன்னிக்கு எம் பொண்டாட்டி தவ்ஹீதாவும் அவ கூட்டமும் வருவாங்க. அவங்க வாயில நல்ல வார்த்தை வந்தா அதுதான் உன் சான்றிதழ். தாமிரோட நாற்காலி உனக்கு. வரலைன்னா ஃபீஸ் வாங்கிட்டுப் போயிடு, மனஸ்தாபம் வேணாம்."

ஃபர்ஷ் என்பது கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு சாமான்களைக் கொண்டுபோய் வீட்டை விரித்துவைக்கும் நாள். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஊரைச் சுற்றிவரும். பெண்வீட்டுச் சித்திகளும் அத்தைகளும் படுக்கை விரிப்பார்கள், திரை மாட்டுவார்கள். பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பார்ப்பார்கள். பார்ப்பது என்றால் அலமாரியைத் திறந்து, துண்டுகளை எண்ணி, மெத்தையை அமுக்கி, கதவிடுக்கில் விரலை விட்டுப் பார்ப்பது. கெய்ரோவில் ஐந்து வருடம் படித்தாலும் இப்படி ஒரு தேர்வுக் குழு முன்னால் நிற்க நேராது.

நஜ்லா வேலையைத் தொடங்கினார். மணப்பெண் ரீஹாம் பல் மருத்துவர். நாள் முழுக்க நின்றபடியே வேலை. "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்க்கா. வீட்டுக்கு வந்ததும் பொத்துனு விழுறதுக்குப் பெரிய சோபா. ஜன்னல் பக்கமா, காத்து வர்ற மாதிரி," என்றாள். மாப்பிள்ளை நாதிருக்கும் சோபாதான் வேண்டும். அவர் உடம்பை வேறு எதுவும் தாங்காது.

ஆக நஜ்லா கூடத்தை வரைந்தார். ஜன்னலை ஒட்டி நீளமான சோபா. பக்கச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை வழவழப்பான கதவுகளுக்குப் பின்னால் அலமாரி. பாத்திரம், பீங்கான், கம்பளம், சூட்கேஸ் எல்லாம் அதற்குள் போய் மறைந்துவிடும். நடுவில் காலியான தரை. எங்கள் ஊரில் காலியான தரையைக் கூடத்தில் பார்த்தவர்கள் குறைவு. அதை ஒரு குறையாகவே கருதுவார்கள்.

நஜ்லா ஒன்றை விட்டிருந்தார். மறந்து விடவில்லை, தெரிந்தே விட்டார். நீஷை.

நீஷ் என்பது கூடத்தில் நிற்கும் கண்ணாடி அலமாரி. மகள் பிறந்ததிலிருந்து அம்மா சேர்க்கும் பீங்கான் தட்டு, படிகக் கோப்பை, பொன்விளிம்பு வைத்த சூப் சட்டி எல்லாம் அதற்குள் குடியேறும். அதில் யாரும் சாப்பிட்டதில்லை. விருந்தாளிக்குத் தேநீர் சாதாரணக் கண்ணாடி டம்ளரில் வரும். அதைக் குடித்துக்கொண்டே அவர் நீஷைப் பார்க்கலாம். பத்து வருடம் கழித்து ஒரு கோப்பை உடைந்தால் அது தூசி தட்டும்போது உடைந்ததாக இருக்கும்.

"நீஷ் வேணுமா?" என்று ரீஹாமிடம் நஜ்லா கேட்கத்தான் செய்தார்.

"ஐயோ, வேணவே வேணாம். அந்தச் சனியனுக்குப் பயந்துதான் எங்க வீட்டுல சின்ன வயசுல பந்து விளையாட முடியல. அம்மாகிட்ட மட்டும் இப்ப சொல்லாதீங்க. வந்து பாத்தா அவங்களுக்கே புடிச்சிடும்."

அம்மா தவ்ஹீதாவுக்கு முழங்கால் வலி. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. ஃபர்ஷ் நாள் வரை அவர் ஐந்து மாடி ஏறவில்லை. நீஷ் இருக்கிறதா என்று கேட்கவும் இல்லை. புது வீட்டில் கதவு இருக்கிறதா என்று யாராவது கேட்பார்களா?

ஃபர்ஷ் நாள் வந்தது. லாரிகள் ஊதின. தவ்ஹீதா மாடிக்கு மாடி நின்று, கடவுளையும் லிஃப்ட் கம்பெனியையும் அழைத்துக்கொண்டு மேலே வந்தார். பின்னால் அவர் தங்கை ஸூஸூ, அவர்களுக்குப் பின்னால் ஒரு படை, படைக்குப் பின்னால் பீங்கான் பெட்டிகள். தவ்ஹீதா கூடத்துக்குள் நுழைந்தார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். குளியலறையைக்கூட எட்டிப் பார்த்தார்.

"நீஷ் எங்க?"

நஜ்லா சுவர் அலமாரியின் கதவைத் திறந்து காட்டினார். "எல்லாம் இதுக்குள்ள போயிடும் ஹாஜ்ஜா. தூசி படாது."

"இதுக்குள்ளயா? கதவை மூடிட்டா?"

"மூடிட்டா வெளிய ஒண்ணும் தெரியாது," என்றார் நஜ்லா பெருமையாக. அவர் வாழ்க்கையில் சொன்ன வாக்கியங்களிலேயே அதிகம் வருந்தியது அதற்குத்தான்.

தவ்ஹீதா அப்படியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "இருபத்தாறு வருஷமா சேர்த்தது. என் பொண்ணு பொறந்த வாரமே முதல் கோப்பை வாங்கினேன். அதை இருட்டுல போட்டு மூடணுமாம்! எம் பொண்ணு என்ன ஓடிப்போயா கல்யாணம் பண்ணிக்கிறா?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இப்ப வந்துடுவாங்க அக்கா," என்றார் ஸூஸூ எண்ணெய் ஊற்றும் நோக்கத்தில். "சம்பந்தி கரீமா நாக்கு எப்படிப்பட்டதுன்னு தெரியுமில்ல? 'பாவம், அவங்களுக்கு ஒரு நீஷ் போட வக்கில்ல'ன்னு இன்னிக்கு ராத்திரிக்குள்ள அக்கரையில தல்கா வரைக்கும் செய்தி போயிடும். அதுவும் மரச்சாமான் கடைக்காரர் வீட்டுல!"

"நீஷ் வேணாம்னு சொன்னது..." என்று நஜ்லா ரீஹாம் பக்கம் திரும்பினார்.

ரீஹாம் திரையின் சுருக்கத்தைக் கவனமாக நீவிக்கொண்டிருந்தாள். "எனக்கு என்னம்மா தெரியும்? நான் பல்லு பாக்கிறவ. எல்லாம் இன்ஜினியரம்மா இஷ்டம்."

அந்த நொடியில் நஜ்லாவின் கண்முன் அரசாங்க மேசை வந்து நின்றது. இரும்பு அலமாரி அடைத்த ஜன்னலோடு.

"யாரு இந்த இன்ஜினியர்? எங்க படிச்சா?" என்று படையிலிருந்து ஒரு குரல்.

"வணிகவியலாம்."

"அதான!"

தவ்ஹீதா போனை எடுத்தார். ஹாஜ் அரைமணியில் கடையிலிருந்து நீஷை அனுப்பினார். இருப்பதிலேயே பெரியது. மூன்று கதவு, தங்கப்பூச்சு ரோஜாக்கள், உள்ளே கலர் மாறும் விளக்கு. படிக்கட்டில் ஏறாது என்று தெருவில் வின்ச் வண்டி வந்து ஏணியை நீட்டியது. நீஷ் ஐந்து மாடி உயரத்தில் ஆடிக்கொண்டே வர, பால்கனிகளிலிருந்து பெண்கள் குலவையிட்டார்கள். எந்த மணப்பெண்ணுக்கும் அவ்வளவு பலமாகக் குலவையிட்டு நான் கேட்டதில்லை.

உள்ளே இறக்கியதும்தான் அடுத்த கேள்வி வந்தது. ஒரு சுவரை அலமாரி எடுத்துக்கொண்டது. ஒன்றில் ஜன்னலும் சோபாவும். ஒன்றில் வாசல். ஒன்றில் படுக்கையறைக் கதவுகள்.

"எங்க வைக்கிறது இன்ஜினியரம்மா?" என்றார் சுமை தூக்கும் அபூ தாஹா. நீஷை நடுக்கூடத்தில், நின்ற இடத்திலேயே வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

"சோபாவ தூக்கி வெளிய போடுங்க," என்றார் ஸூஸூ.

"சோபாவை எடுத்தா கல்யாணமே வேணாம்!" என்று ரீஹாமுக்குத் திடீரென்று வாய் திறந்தது.

தவ்ஹீதா பெட்டியிலிருந்து எழவில்லை. "எங்கயாவது வைம்மா. ஆனா கதவைத் திறந்ததும் கரீமா கண்ணுல அதுதான் படணும். சோபால உக்காந்தா மறுபடியும் அதுதான் படணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

நஜ்லா நீஷைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். வாசலைப் பார்த்து முகத்தைத் திருப்பினால் சோபாவில் உட்காருபவர் முதுகுப் பலகையைப் பார்ப்பார். சோபாவைப் பார்த்துத் திருப்பினால் வாசலில் நுழைபவர் பார்ப்பார். நீஷின் முதுகு சுவருக்கென்று செய்யப்பட்டது. பூச்சில்லாத பலகை, கடையின் முத்திரை, யாரோ எழுதிய போன் நம்பர். கீழே ஹாரன் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்தாயிற்று.

"அபூ தாஹா, ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"பின் பலகையைக் கழட்டுங்க."

"கழட்டினா ஆடும்மா."

"குறுக்க ரெண்டு கட்டை அடிங்க. சீக்கிரம்!"

பலகை போனது. நீஷ் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தெரிந்தது. பெண்கள் பெட்டிகளைப் பிரித்தார்கள். கைக்குக் கை மாறிக் கோப்பைகளும் தட்டுகளும் ஏறின. நஜ்லா சூப் சட்டியை நடுவில் வைத்து, தட்டுகளை ஒன்றுவிட்டொன்று இரு பக்கமும் திருப்பினார். விளக்கைப் போட்டார். அது சிவப்பானது, நீலமானது.

கரீமா, மாப்பிள்ளையின் அம்மா, உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றார். ஒரு நிமிடம் பேசவில்லை. அவரை அறிந்தவர்கள் அது ஒரு சாதனை என்பார்கள். பிறகு பக்கவாட்டில் ஒதுங்கி, வயிற்றை உள்ளிழுத்து, நீஷுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து சோபாவில் போய் உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தார். அங்கேயும் நீஷ்.

"ரெண்டு பக்கமும் முகமா?"

"இப்ப இப்படித்தான் ஹாஜ்ஜா," என்றார் நஜ்லா. எப்போதிலிருந்து என்று சொல்லவில்லை.

"எங்க மூத்த மருமக வீட்டு நீஷுக்கு ஒரு முகம்தான்," என்றார் கரீமா மெதுவாக. குரலில் வருத்தம் தெரிந்தது. தவ்ஹீதா பெட்டியிலிருந்து எழுந்தார். முழங்கால் வலி எங்கே போனது என்று தெரியவில்லை.

"எங்க இன்ஜினியரம்மா யோசனை," என்றார் சத்தமாக. "வெளிய சொல்லாதீங்க, எல்லாரும் காப்பி அடிப்பாங்க."

சுவர் அலமாரியை அன்றைக்கு யாரும் பாராட்டவில்லை. அது வழவழவென்று இருந்ததால் அதைச் சுவர் என்றே நினைத்து ஒரு அத்தை சாய்ந்துகொண்டிருந்தார். காலியான தரை இருந்த இடத்தில் நீஷ் நின்றது. மாப்பிள்ளை நாதிர் கடைசியாக வந்தார். சோபாவுக்குப் போக இரண்டு தடவை முயன்றார். மூன்றாவது தடவை படுக்கையறை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்.

ரீஹாம் சமையலறையில் நஜ்லாவின் கையைப் பிடித்தாள். "கோவமாக்கா?"

"பல்லு வலிச்சா வேற டாக்டர்கிட்ட போவேன்."

மறுநாள் ஹாஜ் கடைக்குக் கூப்பிட்டார். மேசையில் சர்பத் வைத்திருந்தார். "தவ்ஹீதா ராத்திரி முழுக்க உன் பேச்சுதான். என்னைத் தூங்க விடல. அந்த நாற்காலி உனக்குத்தான். யாராச்சும் எங்க படிச்சேன்னு கேட்டா..."

"வணிகவியல்னு சொல்றேன் ஹாஜ்."

"சொல்லிக்க. ரெண்டு முக நீஷ் கேட்டு இன்னிக்குக் காலைலயே மூணு பேரு வந்துட்டாங்க. தல்காலேருந்து ஒருத்தர். நீ முதல்ல அதைப் போடு."

நஜ்லாவின் முகத்தைப் பார்த்து, பெட்டி கட்டிக்கொண்டிருந்த தாமிர் பக்கத்தில் வந்தார். "மனசு விட்றாதீங்க. நான் அஞ்சு வருஷம் படிச்சேன், நீஷ்னு ஒரு வார்த்தை எந்தப் பாடத்திலயும் வரல. முதல் வீட்டை நானும் நீஷ் இல்லாமதான் வரைஞ்சேன்."

"என்ன ஆச்சு?"

"குவைத்துக்கு மனுப் போட ஆரம்பிச்சேன்."

அன்று மாலை ரிஃபாத் பையன்களை அனுப்பிவிட்டு, சொன்ன சொல் தவறாமல் ராஜினாமாவைத் தன் கையாலேயே எழுதினார். வேதியியல் வாத்தியார் என்பதால் அது சமன்பாடு மாதிரி சுருக்கமாக இருந்தது. நஜ்லா பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் கையெழுத்துப் போடவில்லை.

"என்ன யோசனை? நாற்காலிதான் கெடச்சிடுச்சே."

"கெடச்சிடுச்சு. அதுல உக்காந்து வாழ்நாள் பூரா நீஷ் வரையணும்."

"அங்க போனா வாழ்நாள் பூரா அந்த இரும்பு அலமாரியைப் பாத்துக்கிட்டு உக்காரணும். எப்படியும் உன் தலையில ஒரு அலமாரிதான் எழுதியிருக்கு. எதுன்னு நீயே முடிவு பண்ணு."

நஜ்லா பேனா மூடியைத் திறந்தார். "நீஷுன்னா குறைக்கலாம்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அவர் நைல் கரைச் சாலைக் கடையில் தாமிரின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு முக நீஷ் எங்கள் ஊரில் நிலைபெற்றுவிட்டது. தல்காவிலிருந்தும் வருகிறார்கள். வருகிறவர்கள் எங்கே படித்தார் என்று கேட்பதில்லை, விளக்கு எத்தனை நிறம் மாறும் என்றுதான் கேட்கிறார்கள். அவர் முகம் மாறாமல் பதில் சொல்கிறார். ஆனால் வரைபடங்களைப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். ஒவ்வொரு கல்யாணப் பருவத்துக்கும் அந்த நீஷின் அகலம் ஒரு விரற்கடை குறைந்துகொண்டு வருகிறது. போன மாதம் கல்யாணமான ஒரு மாப்பிள்ளை நேராகவே நடந்து சோபாவுக்குப் போய்விட்டாராம். அத்தைகள் இன்னும் கவனிக்கவில்லை.